பூக்காத மரம், உதிரும் மொட்டு, காயும் கிளை: வீட்டுத் தோட்டத்துக்கான பிழை நீக்கும் வழிமுறை

எங்கள் தெருவிலும் அடுத்த இரண்டு தெருக்களிலும் உள்ள வீடுகளில் மா, எலுமிச்சை, கொய்யா, சப்போட்டா, குண்டுமல்லி, செம்பருத்தி ஆகியவற்றுக்குப் பல ஆண்டுகளாகக் கவாத்து செய்து கொடுத்து வருகிறேன். அழைப்பவர்கள் பெரும்பாலும் “கொஞ்சம் வெட்டிவிட்டால் காய்க்குமா?” என்றுதான் கேட்கிறார்கள். போய்ப் பார்த்தால், பாதி வீடுகளில் வெட்டவே தேவையில்லை. மீதி வீடுகளில் பலவற்றில், தவறான மாதத்தில் ஏற்கெனவே வெட்டியதால்தான் கோளாறே வந்திருக்கிறது. அதனால் கத்தரியை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை அறிகுறி வாரியாக இங்கே எழுதுகிறேன். ஒவ்வோர் அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், செலவும் உழைப்பும் மிகுந்தது கடைசியிலும் இருக்கும். ஒரு படியில் காரணம் பிடிபட்டுவிட்டால் அங்கேயே நின்று, அதைச் சரிசெய்து, செடி பதில் சொல்லும் வரை காத்திருங்கள். ஒரே வாரத்தில் உரமும் வைத்து, மருந்தும் அடித்து, கவாத்தும் செய்தால் எது பலித்தது, எது கெடுத்தது என்பது கடைசி வரை தெரியாது.

மாதக் கணக்குகள் எல்லாம் வடகிழக்குப் பருவமழை பெறும் தமிழ்நாட்டுச் சமவெளிக்கு உரியவை. மலைப்பகுதிக்கு இவற்றை அப்படியே கொள்ள வேண்டாம்.

அறிகுறி 1: இலை கருகருவென்று செழித்திருக்கிறது, பூ மட்டும் இல்லை

முதலில் வெயிலைப் பாருங்கள். காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி என மூன்று முறை போய் நின்று, செடியின் மேல் நேரடி வெயில் விழுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நாளொன்றுக்கு 6 மணி நேரத்துக்குக் குறைவாக வெயில் விழும் இடத்தில் மல்லிகையும் எலுமிச்சையும் இலையை மட்டும் வளர்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டில் புதிதாக மாடி எழும்பிய பிறகு பூப்பது நின்றுபோன செடிகளை நிறையவே பார்த்திருக்கிறேன். தொட்டிச் செடியானால் இடத்தை மாற்றுங்கள். தரையில் இருப்பதானால், வெயிலை மறைக்கும் வேறு மரத்தின் கிளையைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள்.

அடுத்தது வயது. ஒட்டு மாங்கன்று 3, 4 ஆண்டுகளில் பூக்கும். கொட்டையிலிருந்து முளைத்த மா அதற்கு இருமடங்கு காலமும் எடுக்கும், அதற்கு மேலும் எடுக்கும். எலுமிச்சை விதைக்கன்று நல்ல பராமரிப்பில் நட்ட மூன்றாம் அல்லது நான்காம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும் என்றாலும், வீட்டு மூலையில் அரைநிழலில் வளர்வது 5, 6 ஆண்டுகள்கூட இழுக்கும். வயது போதாத மரத்தை வெட்டினால் அது மீண்டும் குழந்தைப் பருவத்துக்கே போய், இலையைத்தான் தள்ளும்.

மூன்றாவது, தண்ணீரும் சாணமும். அன்றாடம் துணி துவைத்த தண்ணீர் பாயும் பாத்தியில் நிற்கும் எலுமிச்சை பெரும்பாலும் பூப்பதில்லை. அதற்கு வேர் ஒருமுறை காய்ந்து நனைய வேண்டும். மேல்மண்ணை விரலால் கிளறி, இரண்டு விரற்கடை ஆழத்தில் ஈரம் இருந்தால் தண்ணீர் விடாதீர்கள். மழையில்லாத காலத்தில் இரண்டு, மூன்று வாரம் தண்ணீரை நிறுத்தி, இலை நண்பகலில் லேசாகத் துவளும்போது சிறிதளவு தொழுவுரம் வைத்து மறுபடி பாய்ச்சினால், வரும் துளிரோடு மொட்டும் வர வாய்ப்புண்டு. இலை உதிரும் அளவுக்குக் காயப்போடக் கூடாது. யூரியா போட்டுக்கொண்டிருந்தால் அதை உடனே நிறுத்துங்கள்.

இந்த மூன்றிலும் குறையில்லை என்றால், கடைசியாகக் கவாத்து செய்தது எந்த மாதம் என்பதை நினைவுபடுத்திப் பாருங்கள். நான் பார்த்த கோளாறுகளில் அதிகமானவை இந்த இடத்தில்தான் இருந்தன. ஆகவே செடி வாரியாகச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

*மா.* பூங்கொத்து முற்றிய கிளையின் நுனியில்தான் வரும். டிசம்பர், ஜனவரியில் பூக்க வேண்டிய நுனி, அதற்கு முன் நான்கைந்து மாதமாவது முற்றியிருக்க வேண்டும். ஆகவே காய் பறித்து முடித்த கையோடு, ஜூலைக்குள் அல்லது தள்ளிப்போனால் ஆகஸ்ட் முதல் பாதிக்குள், கவாத்தை முடித்துவிட வேண்டும். அக்டோபரில் “மழைக்கு முன் தட்டிவிடலாம்” என்று நுனிகளை வெட்டுகிறவர் அடுத்த கோடையின் மாங்காயை வெட்டிப் போடுகிறார். அப்படி வெட்டிவிட்டீர்கள் என்றால், அந்த ஆண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை; துளிர் முற்றட்டும் என்று விட்டுவிடுங்கள். ஓராண்டு கொள்ளையாகக் காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுப்பது பல மா இரகங்களின் இயல்பு, அதைப் பிழையாகக் கொள்ள வேண்டாம்.

*குண்டுமல்லி.* மாவுக்கு நேர் எதிர். புதுத்துளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். வெட்டாத செடி உள்ளுக்குள் குச்சியாகி, பூவெடுப்பு ஆண்டுக்காண்டு குறையும். நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டு ஒரே மட்டமாக வெட்டி, காய்ந்த குச்சியையும் ஒன்றோடொன்று உரசும் கிளையையும் அடியோடு எடுத்துவிட வேண்டும். பிறகு தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விட்டால் மார்ச் முதல் பூ வரத் தொடங்கும். எதிர்த்த வீட்டு அம்மா ஒரு முறை மார்ச் மாதம், கூடை கூடையாகப் பூத்துக்கொண்டிருந்த செடியை, “அடர்ந்துவிட்டது” என்று முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். சித்திரை முழுவதும் அவர் கடையில் முழம் போட்டு வாங்கினார். செடி துளிர்த்து மறுபடி மொட்டு வைத்தபோது பூக்காலத்தில் நல்ல பாதி கழிந்திருந்தது. முல்லைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: ஜனவரி கடைசி வாரம், 45 செ.மீ. உயரம்.

*கொய்யா.* இதுவும் புதுத்துளிரில்தான் பூக்கும். செப்டம்பர்–அக்டோபரிலும் பிப்ரவரி–மார்ச்சிலும், சென்ற பருவத்தில் வளர்ந்த கிளைகளின் நுனியில் 10 முதல் 15 செ.மீ. மட்டும் கிள்ளி எடுத்தால் பக்கக்கிளை பிரிந்து பூக்கும். நெட்டுக்குத்தாக மேலே போகும் கிளையை வெட்டாமல், கயிறு கட்டி வளைத்துத் தரையில் அடித்த முளையில் பிணைத்துப் பாருங்கள். வளைத்த கிளையின் மேற்புறம் நெடுகிலும் துளிர்த்து மொட்டு விடும். கயிறு பட்டையை அறுக்காமல் இருக்க ஒரு துண்டுச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. நான் முதலில் செய்து பார்க்கச் சொல்வது இதைத்தான்.

*செம்பருத்தி, ரோஜா.* இரண்டும் புதுக்கிளையில் பூப்பவை; லேசாக வெட்டினால் எப்போதும் பழுதில்லை. கொட்டும் மழையில் மட்டும் வெட்ட வேண்டாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் பூவில்லை என்றால், ஒட்டுக்குக் கீழே பாருங்கள். ஒட்டுச் செடியின் அடித்தண்டில், தரையிலிருந்து ஒரு சாணுக்குள், தழும்பு போன்ற முடிச்சு ஒன்று தெரியும். அதற்குக் கீழிருந்து கிளம்பும் போத்து (புதுத்தண்டு), ஒட்டுக்கட்ட அடியில் வைத்த வேர்ச்செடியின் போத்து. அது உங்கள் மரமன்று. ஒரு வீட்டில், 8 ஆண்டுகளாகச் சப்போட்டா காய்க்கவில்லை என்று என்னை அழைத்தார்கள். மரம் ஆளுயரத்துக்கு மேல் நன்றாகவே நின்றது. ஆனால் சப்போட்டா இலையின் நுனி கூர்மையாக இருக்கும். அங்கே இலை நுனிகள் எல்லாம் நடுவில் லேசாக உள்வாங்கி, சின்னதாய், தடித்துக் கரும்பச்சையாக இருந்தன. அது பாலை மரம். சப்போட்டாவைப் பாலை வேர்ச்செடியில்தான் ஒட்டுக்கட்டுவார்கள். மேலே இருந்த ஒட்டு முதல் கோடையிலேயே பட்டுப்போய், கீழிருந்து வந்த பாலைப் போத்தை மரம் என்று நம்பி, அந்த வீட்டார் இத்தனை ஆண்டும் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். முடிச்சின் மேல், விரல் மொத்தத்துக்குக் காய்ந்த சப்போட்டாக் குச்சி ஒன்று மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. கையால் தொட்டதும் உதிர்ந்தது. மரத்தை வைத்துக்கொண்டால் சின்ன மஞ்சள் பாலைப்பழம் கிடைக்கும், சப்போட்டா கிடைக்காது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகவே மாதம் ஒருமுறை முடிச்சுக்குக் கீழே பாருங்கள். போத்து பென்சில் மொத்தத்துக்குள் இருந்தால், கத்தரியால் நுனியை வெட்டாமல், கையால் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்து அடியோடு பிய்த்தெடுங்கள். வெட்டினால் ஒன்று மூன்றாகும். போத்து பெருவிரலைவிடப் பருத்து, மேலே உள்ள ஒட்டும் உயிரோடு இருந்தால், தோட்டக்கலை அலுவலரிடமோ ஒட்டுக்கட்டத் தெரிந்த நாற்றங்கால்காரரிடமோ காட்டிய பிறகே ரம்பத்தை எடுங்கள்.

அறிகுறி 2: மொட்டு வருகிறது, விரியாமல் உதிர்கிறது

*உதிர்ந்த மொட்டில் காயமோ துளையோ இல்லை என்றால்:* காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான். ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து, ஒரேயடியாகப் பாத்தியை நிரப்பியிருப்பீர்கள். மொட்டுக் காலத்தில் சிறுகச் சிறுக, சீரான இடைவெளியில் தண்ணீர் விடுங்கள்; பாத்தியில் சருகோ தேங்காய் மட்டையோ போட்டு மூடாக்கிடுங்கள்.

*மல்லிகை மொட்டு ஊதா நிறமாகி, நூலாம்படை போல இழை சுற்றி, துளையோடு இருந்தால்:* மொட்டுப்புழு. உதிர்ந்த மொட்டையும் செடியில் இருக்கும் கெட்ட மொட்டையும் தினமும் பொறுக்கி, வீட்டுக் குப்பையில் போடாமல், சோப்புத் தண்ணீரில் முக்கி அழியுங்கள். இதையே 10 நாள் விடாமல் செய்தால் தாக்குதல் பெரிதும் குறைவதைக் கண்டிருக்கிறேன். குறையாவிட்டால், 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாற்றை மாலையில் தெளியுங்கள்.

*செம்பருத்தியில் மொட்டுக் காம்பில் வெள்ளைப் பஞ்சு போல இருந்தால்:* மாவுப்பூச்சி. எறும்பு வரிசை ஏறுகிறதா பாருங்கள். எறும்புதான் அதைச் செடிக்குச் செடி சுமந்து போய்க் காவல் காக்கிறது. பஞ்சு அப்பிய நுனியை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள். அடுத்து, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 முதல் 10 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் சாய்ந்த பின் வாரம் ஒருமுறை தெளியுங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகும் பஞ்சு தொடர்ந்தால், செடியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டிவிடுவது மருந்தைவிட நல்லது, செம்பருத்தி தாங்கும்.

*மாம்பூங்கொத்து கருகி, அடியில் நிற்கும்போது தத்துப்பூச்சிகள் படபடவென்று முகத்தில் மோதினால், அல்லது பூவின் மேல் சாம்பல் தூவியது போல இருந்தால்:* முன்னதற்குத் தத்துப்பூச்சியும் பின்னதற்குச் சாம்பல் நோயும் காரணம். கைக்கு எட்டும் சிறு மரமானால், சாம்பல் நோய்க்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் கலந்து, கடும் வெயில் இல்லாத நேரத்தில் தெளிக்கலாம். பூச்சிமருந்தை விரிந்த பூவின் மேல் நீங்களாக அடிக்காதீர்கள்; பூவைக் காயாக்கும் ஈக்களும் தேனீக்களும் அதில்தான் உட்காருகின்றன. பெரிய மரத்துக்கு ஏணி போட்டு மருந்தடிப்பது வீட்டார் செய்யும் வேலையன்று. விசைத்தெளிப்பானும் முகக்கவசமும் உள்ள பழகிய ஆளை அழையுங்கள். காய் முடிந்ததும் மரத்தின் நடுப்பகுதியில் வெளிச்சம் இறங்கும்படி இரண்டு, மூன்று உட்கிளைகளை எடுத்துவிட்டால் அடுத்த ஆண்டு இரண்டுமே குறையும்.

அறிகுறி 3: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதை முதலில் பாருங்கள்.

*மேலும் கீழும் எல்லா இலையும் மஞ்சள்:* தண்ணீர் தேங்குகிறது. தொட்டியானால் அடித்துளையில் குச்சியை விட்டுக் குத்திப் பாருங்கள். தரையானால், ஓரமாக ஒரு அடி ஆழம் தோண்டி, குழியில் தண்ணீர் ஊறுகிறதா என்று பார்த்து, வடிகால் வெட்டுங்கள்.

*அடியிலை மட்டும் வெளிறி உதிர்கிறது:* உரப் பற்றாக்குறை. தொழுவுரமும் கடலைப் பிண்ணாக்கும் போதும்.

*கொழுந்திலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை:* மல்லிகையிலும் செம்பருத்தியிலும் இது இரும்புச்சத்துக் குறை. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரை ஆண்டுக்கணக்கில் விட்டால் வருவது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் தருவார்கள். ஒரு லிட்டருக்கு 5 கிராம் வீதம் கரைத்து, உடனே, மாலையில், இலையில் தெளியுங்கள். கரைசலை மறுநாளைக்கு வைத்திருந்தால் துருநிறமாகிப் பயனற்றுப் போகும். எலுமிச்சையில் கொழுந்திலை சிறுத்து நரம்பிடையில் மஞ்சளாவது துத்தநாகக் குறை. மார்ச், ஜூலை, அக்டோபரில் புதுத்துளிர் வந்தபின் துத்தநாக சல்பேட்டை அதே 5 கிராம் அளவில் தெளியுங்கள். இரண்டு தெளிப்புக்குப் பிறகும் பச்சை திரும்பவில்லை என்றால், மண்ணையும் நீரையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். அதன்பின் ஊகித்து எதையும் போட வேண்டாம்.

அறிகுறி 4: எலுமிச்சைக் கொழுந்து சுருள்கிறது, இலையிலும் காயிலும் சொறி

சுருண்ட இலையை விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நத்தை ஊர்ந்த தடம் போல வெள்ளிக்கோடு வளைந்து வளைந்து போனால் இலைத்துளைப்பான். முற்றிய இலையை அது தொடாது. கோடு தெரியும் கொழுந்தைக் கிள்ளி எறிந்து, துளிர்க்கும் பருவத்தில் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் போதும்.

இலையின் மேல் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டியிருந்து, தொட்டால் நெளிந்தால், அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் எடுத்துவிடுங்கள்; மருந்தே வேண்டாம்.

மஞ்சள் வளையத்தோடு சொரசொரப்பான பழுப்புப் புள்ளி இலையிலும் காயிலும் குச்சியிலும் இருந்தால் சொறி நோய். இது மழைத்துளி தெறித்துப் பரவும். இலைத்துளைப்பான் உண்டாக்கிய காயத்தின் வழியாக எளிதில் உள்ளே நுழையும். மழை தொடங்குமுன் சொறி கண்ட குச்சிகளை வெட்டி எரித்துவிட்டு, ஒரு லிட்டருக்கு 3 கிராம் காப்பர் ஆக்சி குளோரைடு கலந்து தெளியுங்கள். நனைந்த மரத்தில் கத்தரி வைக்காதீர்கள். ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்முன் கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள்.

அறிகுறி 5: கவாத்து செய்த இடத்திலிருந்து கிளை காய்ந்துகொண்டே இறங்குகிறது

வெட்டிய இடத்தைப் பாருங்கள். தாய்க்கிளையிலிருந்து நாலைந்து விரற்கடை நீளத்துக்கு முளை போல மிச்சம் விட்டிருந்தால், அந்த முளை காய்ந்து, காய்வது கீழேயும் இறங்கும். தாய்க்கிளையை ஒட்டியே வழித்து வெட்டினாலும் காயம் மூடாது. கிளை தொடங்கும் இடத்தில் பட்டை மடிப்பு மோதிரம் போலப் புடைத்திருக்கும். அந்த மோதிரத்தை விட்டு, அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். காய்ந்ததை, உள்ளே பச்சை தெரியும் இடம் வரை பின்வாங்கி மறுபடி வெட்டி, போர்டோ பசை பூசுங்கள்.

பசைக்கு 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் தண்ணீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை இன்னோர் அரை லிட்டரிலும் பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு வாளி கூடாது. பளபளப்பான கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்புநிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். அன்றன்றைக்குச் செய்ததை அன்றே பூசிவிடுங்கள்.

கை மொத்தக் கிளையை ஒரே வெட்டாக மேலிருந்து வெட்டினால், பாதியில் முறிந்து பட்டையை உரித்துக்கொண்டு விழும். முதலில் அடிப்புறம் மூன்றில் ஒரு பங்கு, பிறகு ஒரு சாண் தள்ளி மேற்புறம், கடைசியாக மோதிரத்துக்கு வெளியே மிச்ச முளை என மூன்றாக வெட்டுங்கள். ஒரே முறையில் மரத்தின் பசுமையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். எடுத்தால் பூவுக்குப் பதிலாக விறுவிறுவென்று நீர்ப்போத்துகள்தான் கிளம்பும். (குண்டுமல்லி போன்ற புதர்களுக்கு இந்த வரம்பு இல்லை.)

கிளை உங்கள் தொடை மொத்தம் இருந்தாலோ, தரையில் நின்று எட்டாவிட்டாலோ, கூரை அல்லது சுவரின் மேல் சாய்ந்திருந்தாலோ, கயிறு கட்டி இறக்கத் தெரிந்த மரம் வெட்டும் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். மின்கம்பியை ஒட்டிய கிளைக்கு அவரையும் அழைக்க வேண்டாம். மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே அதில் கை வைக்க வேண்டும். முருங்கைக்காய் பறிக்கும் இரும்புத் தொரட்டியால் ஈரக்கிளையை இழுத்து உயிரை விட்டவர்கள் உண்டு.

அறிகுறி 6: அடிமரத்தில் பிசின் வடிகிறது, அல்லது மரத்தூள் கொட்டுகிறது

*எலுமிச்சையில் பிசின்:* பாத்தித் தண்ணீர் அடிமரத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். தொட்டால், மரத்தைச் சுற்றி ஒரு முழத்துக்கு மண் அணைத்து மேடாக்கி, அதற்கு வெளியே வட்டப்பாத்தி எடுங்கள். பிசின் வடியும் இடத்தில் பட்டையை நகத்தால் கீறினால், உள்ளே பழுப்பாகி, புளித்த வாடை வரும். கத்தியால் அந்தப் பழுப்பை மட்டும், வெளிர்நிற நல்ல பட்டை தெரியும் வரை சுரண்டி, தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை போர்டோ பசை பூசுங்கள். பழுப்பு அடிமரத்தின் சுற்றளவில் பாதியைத் தாண்டியிருந்தால் மேலும் சுரண்டாமல், தோட்டக்கலை அலுவலரை வரவழையுங்கள்.

*மாமரத்தில் துளையும், அடியில் மரத்தூளும்:* தண்டுத்துளைப்பான். ஒரு துளை மட்டும் என்றால், சைக்கிள் ஆரக்கம்பியின் நுனியைக் கொக்கி போல வளைத்து உள்ளே விட்டுப் புழுவை இழுத்தெடுங்கள். விரல் மொத்தத்தில் வெள்ளையாக இருக்கும். பிறகு துளையைக் களிமண்ணால் அடையுங்கள். மறுநாள் தூளைப் பெருக்கிச் சுத்தம் செய்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். புதுத்தூள் விழுந்தால் உள்ளே இன்னும் இருக்கிறது. இரண்டுக்கு மேல் துளை, அல்லது மேலே ஒரு முழுக்கிளை வாடுவது தெரிந்தால் தாமதிக்காமல் தோட்டக்கலை அலுவலரிடம் காட்டுங்கள். உள்ளே பொந்தான மரம் காற்றில் வீட்டின் மேல் விழும்.

அலுவலரைப் பார்க்கப் போகும்போது

வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்திலும், மாவட்ட வேளாண்மை அறிவியல் நிலையத்திலும் கேட்கலாம். வாயால் விவரிப்பதைவிட, நோய் தொடங்கும் இடத்தில், பாதி பச்சையும் பாதி காய்ந்ததுமாக உள்ள குச்சியை வெட்டிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோங்கள். முழுக்கக் காய்ந்த குச்சியில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. மண் கொடுப்பதானால், மரத்தின் நிழல் விழும் விளிம்பில், 30, 60, 90 செ.மீ. ஆழங்களில் தனித்தனியே எடுத்து, நிழலில் உலர்த்தி, ஆழத்துக்கு அரைக் கிலோ வீதம் பையிலிட்டு, எந்த ஆழம் என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதுங்கள். கடைசியாகக் கவாத்து செய்த மாதத்தையும், வைத்த உரத்தையும், அடித்த மருந்தையும் ஒரு தாளில் குறித்து உடன் வையுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.